பவளம் வெளிறியது ஏன்?

நவமணிகளுள் முத்தும் பவளமும் மட்டுமே உயிர்களிடமிருந்து கிடைப்பவை. ஏனையவை மண்ணிலிருந்து எடுக்கப்படுபவை. அணிகலனாகும் சிவந்த பவளம் ஒளி குறைந்த கடற்பகுதிகளில் வளர்வது. வெப்பமான, ஆழமற்ற கடல்களில் பாறைபோலப் பரந்து வளரும் பவளம் அதன் உறவினம். இப்பாடம் கூறுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

பாறையாகத் தோன்றினும் பவளம் ஒரு விலங்கு. ஒரு பவளத்திட்டில் பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. அவை கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு தமக்கு அடியில் வெண்ணிறக் கூடு கட்டுகின்றன. அவற்றின் தசைக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி அதன் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கிறது. பவளம் பாசிக்கு உறைவிடமும் உரமும் தருகிறது. பவளத்தின் பழுப்பு நிறம் இப்பாசியால் வருவதே.

இத்தகைய உயிரை வீட்டில் வளர்க்க இயலும் என்று காட்டியவர்களுள் ஒருவர், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங். உயிருள்ள கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் துணையாகக் கொண்ட தம் முறையை அவர் 1961இல் எழுதி வெளியிட்டார். இன்று ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் பலர் வீடுகளில் பவளத் தொட்டிகளை வைத்துள்ளனர். நம் நாட்டில் நிலை வேறு. பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே, அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

பவளம் வளர்ப்போரைப் பெரிதும் வருத்தும் சிக்கல் ஒன்று உண்டு. நீரின் அளவீடுகள் யாவும் சரியாக இருக்கின்றன. மீன்கள் நன்கு நீந்துகின்றன. ஆயினும் பவளம் நாளுக்கு நாள் நலிகிறது. பதறிய வளர்ப்பாளர் ஒரே நாளில் பாதி நீரை மாற்றுகிறார், விளக்கை உயர்த்துகிறார், மருந்து ஊற்றுகிறார். மறுவாரம் பவளம் தேறினாலும் எதனால் தேறியது என்பது அவருக்குத் தெரியாது. மேலும் நலிந்தாலோ, நோயால் நலிந்ததா மருத்துவத்தால் நலிந்ததா என்பதும் தெரியாது. இரண்டாவதே பெரும்பாலும் நடக்கிறது.

முதலில் செய்யத்தக்கது உற்று நோக்குதல். பவளம் வெளிறுவதும் தசை உரிவதும் வேறு வேறு. வெளிறிய பவளத்தில் பாசி நீங்கியிருக்கும். கண்ணாடி போன்ற தசை வழியே வெண்கூடு தெரியும். ஆனால் உயிர் இருக்கும். தசை உரிந்த இடத்தில் வெறும் கூடே எஞ்சும், அவ்விடம் இறந்துவிட்டது. வெளிறலுக்குப் பொறுமை வேண்டும். உரிதலுக்கு விரைவு வேண்டும். மேற்புறம் மட்டும் வெளிறி, நிழல்பட்ட அடிப்புறம் நிறம் மாறாதிருந்தால் மிகையான ஒளியை ஐயுறலாம். ஒரு திட்டு மட்டும் நலிந்தால் அதன் அண்டையில் காரணம் இருக்கக்கூடும். எல்லாம் ஒருங்கே நலிந்தால் நீரில் இருக்கக்கூடும்.

அடுத்து, அளக்கும் கருவியையே ஐயுற வேண்டும். கடல்நீரின் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இதை அறிய உதவும் மலிவான கருவியில் ஒரு முள் நீரில் மிதந்து எழும். அம்முள்ளில் ஒட்டிய காற்றுக் குமிழி, இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டிவிடும். காலம் கடந்த வேதிப்பொருளைக் கொண்டு செய்யும் சோதனையும் இவ்வாறே ஏமாற்றும். 'எல்லாம் சரி' என்ற முடிவை மற்றொரு கருவியாலும் சரிபார்த்த பின்னரே நம்பலாம்.

மூன்றாவது வினா: அண்மையில் மாறியது எது? இவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. பவளம் மெல்ல வாழும் உயிர். இன்று தோன்றும் குறிக்குக் காரணம் பல நாள்களுக்கு முன்னரே நிகழ்ந்திருக்கலாம். அதற்குள் வளர்ப்பாளர் அதனை மறந்திருப்பார். ஆகவே, தொட்டியின் அருகே ஒரு நாட்குறிப்பு இருப்பது விலையுயர்ந்த கருவிகள் பலவற்றினும் பயன்மிக்கது. வெப்பம், உப்பு, காரத்தன்மை ஆகியவற்றோடு, புதிய உப்புப் பொதி பிரித்த நாளும் விளக்கு மாற்றிய நாளும் அதில் இடம்பெற வேண்டும். பவளத்துக்கு 24 முதல் 27 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. ஜெர்மன் அளவீட்டில் 7 முதல் 11 வரையிலான காரத்தன்மை போதும். இவ்வெல்லைக்குள் எந்த எண்ணில் நின்றாலும் கேடில்லை; ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்குத் திடீரெனத் தாவுவதே கேடு. பவளம் வளர வளர நீரிலுள்ள சுண்ணத்தையும் காரத்தையும் மிகுதியாக உறிஞ்சும். சென்ற ஆண்டு போதுமானதாக இருந்த அளவு இவ்வாண்டு போதாது.

நீர் மிகத் தூய்மையாக இருப்பதே நன்று எனப் பலர் எண்ணுவர். அதுவும் முழு உண்மையன்று. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் தீங்கு. முற்றிலும் இல்லாது போனாலும் பாசி உரமின்றி வாடும், பவளம் வெளிறும்.

வழக்கமான சோதனைகளில் சிக்காத காரணங்களும் உள. மீன்களுக்கு மருந்தாகும் செம்பு, முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சு. பித்தளைக் குழாய் வழியாகவும், முன்னர் மருந்திட்ட பாறை வழியாகவும் அது நீரில் சேரலாம். நீரேற்றியின் உள்ளே உறை பிளந்து துருவேறும் காந்தம் வெளியே தெரிவதில்லை. அறையில் தெளித்த கொசு மருந்தைக் காற்றுக் குழாய் இழுத்துத் தொட்டிக்குள் விடும். மீன்கள் நலமாக இருக்க, இறாலும் நத்தையும் முதலில் வீழ்ந்தால் இத்தகைய நஞ்சை ஐயுற வேண்டும். அப்போது மட்டும் காத்திருத்தல் கூடாது. நீரின் ஒரு பகுதியை உடனே மாற்றி, நச்சை ஈர்க்கும் கரியை வடிகட்டியில் இடுதல் வேண்டும். ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் சிறு குப்பியில் நீரை அனுப்பினால் உலோகங்களின் அளவைக் கூறும் ஆய்வகங்களும் உள்ளன.

பகலில் அமைதியாகத் தோன்றும் தொட்டி இரவில் போர்க்களமாகும். கேலக்சியா என்னும் பவளம் இருளில் ஒரு சாண் அளவுக்கும் உணர்நீட்சிகளை நீட்டி அண்டைப் பவளத்தைக் கொட்டும். பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுக்கள் அதன் நிறத்தையே கொண்டிருப்பதால் கண்ணுக்குப் புலப்படா. வட்டமான வெளிர் புள்ளிகளே அவை கடித்த அடையாளம். சிவப்பு ஒளி விளக்குடன் நள்ளிரவில் ஒருமுறை நோக்கினால், பகலில் பத்து நாள் தேடியும் கிடைக்காத விடை கிடைக்கக்கூடும்.

காரணம் தெளிவானபின் ஒன்றை மட்டும் மாற்றி, குறித்துவைத்து, ஒரு வாரமேனும் காத்திருத்தல் வேண்டும்.

கடலில் மூழ்கிப் பவளத்தை ஆய்வோரும் இவ்வினாக்களையே கேட்கின்றனர்: வெளிறலா, உரிதலா? ஒரு திட்டா, பல திட்டுகளா? மாறியது எது? தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. 2010இலும் 2016இலும் அவை பெருமளவில் வெளிறின. மாறியது கடலின் வெப்பம். தொட்டியின் நீரைக் குளிர்விக்கலாம், மாற்றலாம்; மன்னார் வளைகுடாவின் நீரை மாற்ற இயலாது.

சொற்பொருள்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
அண்டை – பக்கம்
உணர்நீட்சி – தொடவும் இரை பிடிக்கவும் உதவும் மெல்லிய உறுப்பு
நீரேற்றி – நீரைச் செலுத்தும் கருவி, பம்பு

பயிற்சி
1. வெளிறிய பவளத்துக்கும் தசை உரிந்த பவளத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. ஒரு தொட்டியில் எல்லாப் பவளங்களும் ஒருங்கே வெளிறின. இறாலும் நத்தையும் நலம். நாட்குறிப்பில் 'புதிய விளக்கு, 9 நாள்களுக்கு முன்' என்று உள்ளது. எந்தப் பவளத்தின் எப்பகுதியை முதலில் நோக்குவீர்? ஏன்?
3. 'மெல்ல வாழும் உயிர்' என்னும் தொடர் பாடத்தில் எக்கருத்தை விளக்க வந்துள்ளது?