பதவியைக் குறைக்கலாம், மனிதனைக் குறைக்கலாமா?

சகோதர வியாபாரிகளே! நமது கடைகளில் பதவி இறக்கம் கடிதத்தில் வருவதில்லை. ஒரு வாய்ச் சொல்லோடு முடிந்து விடுகிறது.

சில வருடங்களுக்கு முன் நானும் அந்தத் தவறைச் செய்தேன். கடைக்குக் கணனி வந்தது. 16 வருடங்கள் கல்லாவில் இருந்தவருக்கு அது பிடிபடவில்லை. பில்லில் பிழைகள் வந்தன. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "நானா, நாளையிலிருந்து நீங்க ஸ்டோரப் பாருங்க" என்றேன். மறுநாள் அவர் வரவில்லை. எந்தக் கடன்காரர் சொன்ன நாளில் தருவார், யார் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருந்தது. அதுவும் அவரோடு போயிற்று. வீடு தேடிப் போனேன். "வேலைய மாத்தினது பரவாயில்ல. ஆக்களுக்கு முன்னால சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

நமது வரலாற்றில் இதற்குப் பாடம் இருக்கிறது. கி.பி. 634இல் கலீபாவான உமர் (ரழி) அவர்கள், சிரியாவில் தளபதி காலித் பின் வலீத் (ரழி) அவர்களின் தலைமையை அபூ உபைதா (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். காலித் (ரழி) அவர்கள் கோபித்துக்கொண்டு வீடு திரும்பவில்லை. புதிய தலைவரின் கீழ் 636இல் யர்முக் போரில் பங்கெடுத்தார்கள். 638இல் அவர்களை முற்றாக விலக்கியபோது, இது கோபத்தினாலோ மோசடியினாலோ அல்ல என்று கலீபா மாகாணங்களுக்கு அறிவித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பதவி போனது, மானம் காக்கப்பட்டது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. காரணமின்றிப் பதவியையும் சம்பளத்தையும் குறைத்தால், அதை வேலைநீக்கமாகவே கருதி ஊழியர் தொழில் நியாய சபைக்குச் செல்ல இடமுண்டு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரியது. கணக்கிடுவது கடைசியாகப் பெற்ற சம்பளத்தில். 60,000 ரூபா பெற்றவருக்கு 20 வருடத்துக்கு 6 இலட்சம். கடைசிக் காலத்தில் சம்பளத்தை 40,000 ஆக்கினால் 4 இலட்சம்தான். அவர் உழைத்த 2 இலட்சம் நம் கையில் தங்கி விடுகிறது. அது நமக்கு ஹலாலாகுமா?

ஆகவே, மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பழக்கிப் பாருங்கள், அவகாசம் கொடுங்கள். தனியாக அழைத்து உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அவர் மீது களவுக் குற்றம் இல்லை என்பதை மற்ற ஊழியர்களுக்கும் நீங்களே தெளிவுபடுத்துங்கள். இல்லாவிட்டால் ஊர் வேறு கதை கட்டும்.

அந்த நானா திரும்பி வந்தார். இன்று எங்கள் கடன் வசூல் முழுவதும் அவர் பொறுப்பில். மன்னிப்புக் கேட்டதால் எனக்கு எதுவும் குறைந்து விடவில்லை.