நான்கு எழுத்து, ஏழு ஓசை



சில நாட்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் தகப்பனார் ஒருவர் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தார். “சாமி, இவன் இங்கிலீஷ் வாசிக்கிற லட்சணத்தை நீங்களே கேளுங்கள். நேற்று இரண்டு அறை கொடுத்தும் பயனில்லை” என்றார். பையன் பயந்தபடியே புத்தகத்தைத் திறந்தான். இருமலைக் குறிக்கும் ‘காஃப்’ என்ற சொல்லைச் சரியாக வாசித்தான். அடுத்து மரக்கிளையைக் குறிக்கும் ‘பௌ’ வந்தது. அதைப் ‘பாஃப்’ என்றான். ‘த்ரூ’ என்பதைத் ‘த்ராஃப்’ என்றான். தகப்பனாரின் கை ஓங்கியது.

நான் தடுத்தேன். அந்தப் பையன் மூளையை உபயோகித்துத்தான் வாசித்தான். மூன்று சொற்களும் ஓ, யூ, ஜி, எச் என்னும் அதே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. முதற் சொல்லில் கற்ற ஓசையை மற்றவற்றிலும் பொருத்திப் பார்த்தான். யோசனை நியாயமானதே, அந்த எழுத்துக் கூட்டந்தான் நியாயத்துக்குக் கட்டுப்படாதது.

இதற்குக் காரணம் என்ன? பண்டைய ஆங்கிலேயர் இச்சொற்களின் முடிவில் தொண்டையிலிருந்து காற்று உரசி வரும் ஓர் ஓசையை ஒலித்தனர். ‘மகன்’ என்னும்போது நம் ககரம் மெலிந்து வருகிறதல்லவா? அதை இன்னும் சற்று உரசலாகச் சொன்னால் அந்த ஓசை ஏறக்குறைய வந்துவிடும். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர் அதை ஜி, எச் என்று இரண்டு எழுத்தால் எழுதலாயினர். 1476-ல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து நிலைத்துவிட்டது, நாக்கு நிலைக்கவில்லை. அந்தத் தொண்டை ஓசை சில சொற்களில் அடியோடு மறைந்தது. சிலவற்றில் ‘ஃப்’ ஆயிற்று. நாமும் ‘இலை’ என்று எழுதி ‘எலை’ என்று பேசுகிறோமே, அதுபோலத்தான்.

இனி பாடத்துக்கு வருவோம். வாரத்துக்கு நாள் ஏழு; இந்த எழுத்துகளின் ஓசையும் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஞாயிறு, ‘ஓ’ ஓசை: தோ (ஆயினும்), டோ (பிசைந்த மாவு).

திங்கள், ‘ஊ’ ஓசை: த்ரூ (ஊடாக, வழியாக).

செவ்வாய், ‘ஔ’ ஓசை: பௌ (மரக்கிளை), ப்ளௌ (ஏர், கலப்பை), ட்ரௌட் (மழையில்லா வறட்சி).

புதன், ‘அஃப்’ ஓசை: ரஃப் (கரடுமுரடான), டஃப் (கடினமான), இனஃப் (போதுமான).

வியாழன், ‘ஆஃப்’ ஓசை: காஃப் (இருமல்), ட்ராஃப் (மாட்டுத் தொட்டி).

வெள்ளி, பின்னால் ‘டி’ சேர்ந்த ‘ஆ’ ஓசை: தாட் (எண்ணம்), பாட் (விலைக்கு வாங்கினான்), ப்ராட் (கொண்டுவந்தான்), ஃபாட் (போரிட்டான்).

சனி, தேய்ந்த ‘அ’ ஓசை: தர (முழுமையான, குறைவற்ற), பர (ஒருவகை நகரம்).

திங்கட்கிழமைச் சொல்லும் சனிக்கிழமைச் சொல்லும் ஆதியில் ஒரே சொல்லே. ஒரு பொருளின் ஊடே கடைசிவரை புகுந்து செல்வதுதான் முழுமை என்று சொல்லிக்கொடுத்தால் இரண்டு அர்த்தமும் பிள்ளைகளின் மனதில் நிற்கும்.

விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’ என்ற சொல்லையும் சிலர் இந்நான்கு எழுத்துகளால் முடிப்பதுண்டு. அது எட்டாவது ஓசை என்று மலைக்க வேண்டாம். விக்கலும் ஒருவகை இருமல் என்று யாரோ தவறாக எண்ணியதால் வந்த எழுத்து அது. எழுதப் படித்த பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அமெரிக்கரோ கலப்பையின் பெயரில் இந்தத் தொல்லையே வேண்டாமென்று, ஓசைக்கு ஏற்றபடி ‘டபிள்யூ’ போட்டு எழுதுகிறார்கள்.

ஒன்றை நான் மறைப்பானேன்? குருமடத்தில் சாப்பாட்டு வேளையில் முறைவைத்து உரக்க வாசிப்போம். என் முறையில் ‘ட்ரௌட்’ என்பதை ‘ட்ராஃப்ட்’ என்று வாசித்துவிட்டேன். மேசை முழுவதும் சிரித்தது. அதன் பின் ஒரு மாத காலம் புத்தகத்தை எடுத்தாலே என் குரல் நடுங்கும். அந்தச் சிரிப்பால் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பிறகு என்னைத் தனியே அழைத்து, சொற்களை இப்படி இனம் பிரித்து எழுதிக் கொடுத்தாரே ஒரு மூத்த குரு, அவரால்தான் வந்தது.

ஆகையால் பெற்றோரே, பிள்ளை தவறாக வாசித்தால் முதலில், “ஏன் அப்படி வாசித்தாய்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவனிடம் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்ட பின் திருத்துங்கள். அடிக்குப் பயந்த பிள்ளை வாயைத் திறவான். வாயைத் திறவாத பிள்ளைக்கு எந்தப் பாஷையும் வராது.

அன்று அந்தத் தகப்பனாரிடமே புத்தகத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைச் சொற்களை வாசிக்கச் சொன்னேன். ‘வாங்கினான்’ வரவேண்டிய இடத்தில் ‘கொண்டுவந்தான்’ என்று வாசித்தார். பையன் மெல்ல, “அப்பா, இதிலே ‘ஆர்’ இல்லையே” என்றான். தகப்பனார் ஒரு கணம் விழித்தார், பிறகு சிரித்துவிட்டார். வந்தபோது மகன் கையை இறுகப் பிடித்து வந்தவர், போகும்போது அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்.