ஓடந்துறை ஊராட்சியின் காற்றாலைக் கணக்கு

வாடகைக்கும் ஆள் கூலிக்கும் அடுத்தபடியாக இன்று நம் லாபத்தைத் தின்பது மின்கட்டணம்தான். பிரிட்ஜ் இல்லாத மளிகைக்கடை இப்போது ஏது? இந்தச் செலவைக் கூட்டாகச் சமாளித்த ஓர் ஊரின் கணக்கை இம்முறை பார்ப்போம்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ளது ஓடந்துறை ஊராட்சி. 1996-இல் திரு. ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. எடுத்த எடுப்பில் அவர்கள் பெரிய முதலீட்டில் இறங்கவில்லை. 2003-இல் மரக்கழிவை வாயுவாக்கி மின்சாரம் தரும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றை அமைத்து, தண்ணீர் இறைக்கும் செலவைக் குறைத்துப் பார்த்தார்கள். பிறகே, 2006-இல், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1 கோடியே 55 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி வங்கிக் கடன். அதாவது நாலில் ஒரு பங்கு கைமுதல். நாம் கிட்டங்கி கட்டப் போனாலும் வங்கியில் இப்படித்தானே கேட்கிறார்கள்!

காற்றாலை ஓடந்துறையில் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கேதான் பலமாக அடிக்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் போய், ஊராட்சிக் கணக்கில் வரவாகிறது. ஓர் ஊர் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, வேறு ஊரில் நம் பற்றில் கழித்துக்கொள்வது போலத்தான். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊரின் தேவை 4.5 லட்சம். உபரியை வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டினார்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் இரவு பகலாக முழுத்திறனில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வர வேண்டும். வந்தது அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இது இயந்திரத்தின் குறையல்ல. காற்று எல்லா மாதமும் ஒரேபோல அடிக்காது. வெயிலும் அப்படியே. மூட்டை எடையில் சாக்கு எடையைக் கழிக்கத் தெரிந்த நாம், சோலார் விற்க வருகிறவர் சொல்லும் கிலோவாட்டை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள்.

கூட்டு முயற்சி என்றாலே நம்மவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2012-இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, எங்கள் கடைவீதியில் பதினான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் வாங்கினோம். எட்டு மாதம்கூட ஒன்றாக ஓட்ட முடியவில்லை. இயந்திரம் கெடவில்லை, டீசல் கணக்குத்தான் கெட்டது. கடைக்குக் கடை தனி மீட்டர் வைக்காமல் எல்லோருக்கும் சமபங்கு என்று போட்டோம். இரண்டு பல்பு போட்டவரும் நாலு பிரிட்ஜ் ஓட்டியவரும் ஒரே தொகை கட்டினால் யார் பொறுப்பார்? அந்த யோசனையைச் சொன்னது நாம்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓடந்துறையில் செலவு ஊராட்சியுடையது, வரவும் ஊராட்சியுடையது. பங்கு பிரிக்கும் சண்டைக்கே இடமில்லை.

இப்போது நம் கிட்டங்கிக் கூரைகளில் சேர்ந்து சோலார் போடலாமா என்ற பேச்சு எழுந்துள்ளது. 2006-இல் இருந்த விதிகள் வேறு, இன்றைய விதிகள் வேறு. கடை இணைப்புக்கு எந்த முறை, உபரிக்கு என்ன விலை என்று மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டறியும் முன் யாரும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள், சென்ற பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளையும் கூரையின் நீள அகலத்தையும் எடுத்து வரவும்.