அந்த 50 பைட்டுகள்

ஓவர்லே வலையமைப்பு மந்தமாக இருக்கிறது என்று முறையீடு வந்தால், புதிய சர்வர்களுக்கு விலைப்பட்டியல் கோருவதற்கு முன்னால், வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் எம்.டி.யூ., அதாவது அது கடத்தும் பாக்கெட்டின் உச்ச அளவு, எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும் என்பதை நான் பிடிவாதமாகவே சொல்லி வருகிறேன். அந்தப் பிடிவாதம் எனக்கு எவ்வாறு வந்தது என்பதை அறிந்தவர்கள் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார்கள்.

வீலேன் முறையின் 4094 பிரிவுகள் போதாமற்போகவே, 2014-இல் ஆர்.எஃப்.சி. 7348 என்ற ஆவணமாக வெளிவந்த வி.எக்ஸ்.லேன் என்ற ஓவர்லே முறைக்கு எங்கள் தரவு மையத்தில் மாறினோம். விர்ச்சுவல் மெஷின் அனுப்பும் ஈத்தர்நெட் ஃப்ரேமை அப்படியே ஒரு யூ.டி.பி. பாக்கெட்டுக்குள் வைத்து, அடித்தளமான ஐ.பி. வலையமைப்பின் வழியாகச் செலுத்துவதே அதன் சாராம்சம். உள் ஈத்தர்நெட் தலைப்புக்கு 14, வி.எக்ஸ்.லேனுக்கு 8, யூ.டி.பி.க்கு 8, வெளி ஐ.பி.க்கு 20, ஆக 50 பைட்டுகள் கூடுகின்றன. உள்ளே 1500 பைட்டாகப் புறப்பட்டது வெளியே 1550 ஆகிவிடுகிறது. ஆகவே அடித்தளத்தின் எம்.டி.யூ.வை ஓரிடம் விடாமல் உயர்த்த வேண்டும், அல்லது விர்ச்சுவல் மெஷின்களை 1450-க்கு இறக்க வேண்டும்.

முதல் மெஷினை இடம் மாற்றுவதற்கு முன்பே, பாதை முழுவதையும் ஒரே இரவில் 9000-க்கு உயர்த்திவிட வேண்டும் என்று நான் எழுத்துமூலமாகவே யோசனை கூறியிருந்தேன். நிர்வாகமோ அதில் அபாயம் இருப்பதாகக் கருதி, கட்டங்கட்டமாகச் செய்வோம் என்று தீர்மானித்து, சர்வர்களையும் அவற்றை ஒட்டிய ஸ்விட்ச்சுகளையும் உயர்த்திவிட்டு, தரவு மையத்தின் இரு கூடங்களையும் இணைக்கும் ஸ்விட்ச்சை மட்டும் 1500-லேயே விட்டுவைத்தது. எங்களுக்கு நேர்ந்த நஷ்டம் அனைத்துக்கும் மூலகாரணம் அந்த அரைகுறை மாற்றமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒரே கூடத்துக்குள் எல்லாம் சீராக நடந்தது. கூடம் விட்டுக் கூடம் போகும்போதோ, பிங் போயிற்று, லாகின் கிடைத்தது, நீண்ட பட்டியல் தரும் கட்டளையை அடித்தால் திரை உறைந்து நின்றது, டேட்டாபேஸ் சிறிய வினாவுக்கு விடை தந்து, பெரிய வினாவுக்கு மௌனம் சாதித்தது. சர்வரின் நெட்வொர்க் கார்டு 9000 என்று அறிந்திருந்ததால் 1550 பைட் பாக்கெட்டைத் தயக்கமின்றி வெளியே விட்டது; நடுவிலிருந்த ஸ்விட்ச்சோ, இரண்டாம் அடுக்கில் மட்டுமே இயங்குவதாகையால், பாக்கெட் பெரிது என்று ஐ.சி.எம்.பி. செய்தி அனுப்பும் கடமை அதற்கு இல்லாமல், சத்தமின்றி அதைக் கைவிட்டது, டி.சி.பி.யும் அதே பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பிச் சோர்ந்தது. இணைப்பில் பாதி இடம் காலியாகக் கிடந்ததைக் கண்டவர்கள் முதலில் டேட்டாபேஸைப் பழித்தார்கள், பிறகு வி.எக்ஸ்.லேனையே பழித்தார்கள், கடைசியில் பெரும் பொருட்செலவில் வேகமான சர்வர்களை வாங்கினார்கள். அந்த ஸ்விட்ச்சில் அளவுமீறிய ஃப்ரேம்களின் எண்ணிக்கையைப் பாருங்கள் என்று நான் விடுத்த கோரிக்கை, பிங் போகிறதே என்ற ஒரே பதிலால் ஒத்திவைக்கப்பட்டது.

சாதாரணமாக லினக்ஸில் பிங் சுமப்பது 56 பைட் மட்டுமே. அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு 1472 பைட் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கு 28 சேர்ந்து அது 1500 ஆகும். எங்கள் மெஷின்களில் அது தோற்றது, 1422 சென்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சரியாக அந்த 50 என்பதைக் காட்டிய பிறகே விவாதம் ஓய்ந்தது. ஸ்விட்ச்சின் ஒரே ஓர் அமைப்பு மாற்றப்பட்டதும் முறையீடுகளும் நின்றன. அதற்கு முன் வாங்கிய சர்வர்களின் செலவை ஓவர்லேயின் தலையில் எழுதியது அநியாயம் என்று இன்றும் கருதுகிறேன்.

ஓவர்லேயின் வேகத்துக்காகக் கவனிக்க வேண்டிய மற்றவை எளியவை. டன்னலுக்குள் இருக்கும் டி.சி.பி. பாக்கெட்டுகளைப் பிரிக்கும் வேலையைக் கார்டே செய்கிறதா என்று ஈத்டூலில் பாருங்கள். செய்யாத கார்டை வாங்காதீர்கள். வி.எக்ஸ்.லேன் உள்ளிருக்கும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தகுந்தபடி வெளி யூ.டி.பி.யின் மூல போர்ட்டை மாற்றித் தருகிறது. ஆயினும் பல கார்டுகள் யூ.டி.பி. என்றால் ஐ.பி. முகவரிகளை மட்டுமே ஹாஷுக்கு எடுத்துக்கொள்வதால், இரு சர்வர்களுக்கு இடையிலான போக்குவரத்து முழுவதும் ஒரே வரிசையில், ஒரே கோரின் மேல் விழுகிறது. போர்ட்டுகளையும் ஹாஷில் சேர்த்துவிட்டால், சுமை எல்லாக் கோர்களுக்கும் பரவுவதை அப்போதே காணலாம்.