தொடாத செட்டிங்கும் ஒரு தேர்வுதான்



தம்பி, திருப்பதியில் இருந்தபடி, பல தளங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேர்ட்பிரஸ் தீமில் புதிய டீஃபால்ட்களைச் சேர்க்கப்போகிறாய். உரிமையாளர் சேமித்துவைத்த மதிப்பை அழிக்கக் கூடாது என்பது உனக்கே தெரியும். என் கவலை, எதையுமே சேமிக்காதவரைப் பற்றியது. டேட்டாபேஸில் மதிப்பு ஏதும் இல்லாதபோதுதான் வேர்ட்பிரஸ் தீமின் டீஃபால்ட்டை எடுக்கிறது. நீ கோடில் ஓர் எண்ணை மாற்றினால், செட்டிங் பக்கத்தைத் திறந்தே பார்க்காத ஒரு விடுதிக்காரரின் தளம் அப்டேட் ஆன அன்றே வேறு முகம் காட்டும். அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைத்துவிடாதே. இருந்த தோற்றம் போதும் என்று தோன்றியதால்கூட அவர் அதைத் தொடாமல் விட்டிருக்கலாம். வரி இடைவெளியையே எடுத்துக்கொள். ஆங்கிலப் பக்கம் கச்சிதமாகத் தெரிய அதைக் குறைத்தால், உன் ஊரில் முதலில் அடிபடுவது தெலுங்குதான். தெலுங்குக் கூட்டெழுத்தில் இரண்டாவது மெய் பெரும்பாலும் வரிக்குக் கீழே இறங்கி நிற்கும். அடுத்த வரியின் உயிர்க்குறியோடு அது மோதும்.

ஆகவே புதிய மதிப்பு புதிதாக நிறுவுவோருக்கு. அப்டேட் செய்வோருக்குப் பழையதே. வேர்ட்பிரஸும் 2024இல் வெளியான 6.6இல் இதைத்தான் செய்தது. எழுத்தளவு டீஃபால்ட்கள் நடந்துகொள்ளும் விதத்தை தீம்.ஜேசன் கோப்பின் 3ஆம் பதிப்பில் மாற்றியது. 2ஆம் பதிப்பில் இருந்த தீம்கள் பழையபடியே ஓடின. மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்குத் திருமலையைப் பார். சுப்ரபாதம் 15ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியது. அதைவிட மிகப் பழைய கோயிலில் இன்று அதுவே விடியலின் வழக்கம். மார்கழியில் மட்டும் அந்த இடத்தில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. மாதம் முடிந்ததும் சுப்ரபாதம் திரும்புகிறது. எப்போது மாறும், எப்போது திரும்பும் என்பது மலையேறி வருகிறவர்களுக்கு முன்பே தெரியும். உன் தீமின் பயனருக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

இரண்டு தொகுதி மதிப்புகளைச் சுமந்தால் கோடு கனக்கும், பழைய குறையும் நீடிக்கும் என்று நீ சொல்லலாம். சுமை உண்மைதான், ஆனால் அதை ஒருமுறை நீ தூக்காவிட்டால், நூற்றுக்கணக்கானவர்கள் தனித்தனியே தூக்குவார்கள். குறைகளைத் தரம் பிரிக்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டை என்றால் யோசிக்காமல் எல்லோருக்கும் அடைத்துவிடு. வெளிறிய சாம்பல் எழுத்து என்றால் பாதிக்கப்படுவது படிக்க வருகிற முதியவர், எழுத்துக்கும் பின்னணிக்கும் வேண்டிய 4.5:1 என்ற மாறுபாட்டு அளவுக்குக் கீழே இருப்பதை உரிமையாளரின் ரசனை என்று விட முடியாது. அதை மாற்று, ஆனால் டாஷ்போர்டில் சொல்லிவிட்டு மாற்று. பழையதற்குத் திரும்ப ஒரு பட்டனும் வை. மற்றபடி நிறம், ஓரம், எழுத்துரு எல்லாம் அவரவர் விருப்பம்.

அப்டேட் ஆகும் தளங்களில் பழைய மதிப்புகளைப் பதிந்துவைக்கும் அந்தச் சில வரிகளை, அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிப்போடாமல் இதிலேயே எழுதிவிடு, தம்பி.