மலை ஏறும் வண்டிக்கு எந்த ஹெட்?

கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலைப்பாதையில் ஏறும்போதே ஜிப்சியின் டெம்பரேச்சர் முள் உச்சிக்குப் போய்விட்டது. பின்னால் ஏற்றியிருந்தது சாமை மூட்டை. வெள்ளிமலைவரை போய்விடலாம் என்று மிதித்தேன். நாலு வளைவுகூடத் தாண்டவில்லை, வண்டி நின்றது. ஆயில் கேஜை உருவினால் காப்பி நிறம். ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் இறங்கியிருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன், "இதையே ஃபேசிங் போடலாமா தம்பி, இல்ல பழைய பதினாறு வால்வு ஹெட் ஒண்ணு கிடைக்கும், அதைப் பார்க்கலாமா?" என்றார்.

ஆசை பதினாறு வால்வு மேல்தான். இரண்டுமே 1,298 சிசி. கார்புரேட்டர் வைத்த என் எட்டு வால்வுக்கு 60 குதிரைத்திறன். 2000-இல் வந்த பதினாறு வால்வுக்கு 80. ஆனால் அந்த 80 கிடைப்பது 6,000 ஆர்பிஎம்மில். முழு இழுவையும் 4,500-இல்தான். மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் நான் அவ்வளவு முறுக்குவதே இல்லை. குறைந்த வேகத்தில், எட்டு வால்வின் சிறிய போர்ட்டில் காற்று விரைந்து பாய்ந்து பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும். தவிர, பதினாறு வால்வு என்றால் இன்ஜெக்டர், இசிஎம், வயரிங், பம்ப் எல்லாமே மாற வேண்டும். பிஸ்டனும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அதனால் கழற்றிய எட்டு வால்வு ஹெட்டையே சரிசெய்தேன்.

அதில் கற்றவை:

1. வளைவு: நேர்ப்பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் போனால் ஃபேசிங் (முகத்தைச் சீவி மட்டமாக்குவது) தேவை.

2. விரிசல்: வால்வு சீட்டுகளுக்கு இடையில்தான் முதலில் விழும். பழைய ஹெட் வாங்கினால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. வால்வு: ஹெட்டைக் கவிழ்த்து, பிளக் மாட்டி, எரி அறையில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். போர்ட்டில் கசிந்தால் லேப்பிங், மிஞ்சினால் சீட் கட்டிங். வால்வு கைடில் ஆடினால் கைடையும் மாற்றுங்கள்.

4. ஃபேசிங் அளவு: ஒரு சிலிண்டர் 324.5 சிசி. கம்ப்ரஷன் 9 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 40.6 சிசி. சீவியதில் 2 சிசி குறைந்தாலே 9.4 ஆகிவிடும், ஏற்றத்தில் நாக்கிங் வரும். அதனால் மட்டமாகும் அளவுக்கு மட்டும் சீவச் சொல்லுங்கள். நான்கு அறைகளையும் பியூரெட்டால் அளந்து ஒப்பிடுங்கள்.

5. போல்ட்: இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள், ஓரத்திலிருந்து நடுவுக்கு. மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சில், படிப்படியாக.

கடைசியாக, ஹெட் எதுவானாலும் அது ஏன் வளைந்தது என்று கண்டுபிடிக்காமல் மாட்டாதீர்கள். என் ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. அதைச் சுத்தம் செய்யாமல் புது ஹெட்டே மாட்டியிருந்தாலும் அதே வளைவில்தான் நின்றிருப்பேன்.