மலை இறங்கும் முன் ஒரு டேப்பை எடுங்கள்

பொங்கல் விழா முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது, நம் சங்கத்து இளைஞர்கள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கோடை விடுமுறையில் மோட்டார் சைக்கிளில் லடாக் போகிறார்களாம். "அங்கிள், வண்டிக்கு என்னென்ன வாங்கி மாட்டணும்?" என்று கேட்டார்கள். கூடுதல் விளக்கு, கைப்பிடிக் கவசம், பெரிய சைலன்ஸர் என்று ஒரு பட்டியலே கையில் இருந்தது. "எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

பந்தியில் விளக்கமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் வாகனப் பொறியாளன் அல்லன். பல ஆண்டுகளாக டில்லியிலிருந்து இமாசல மலைகளுக்கு வண்டி ஓட்டியவன். ஒருமுறை அடிபட்டுப் பாடம் படித்தவன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜலோரியில் நடந்தது

2009 ஜூன் மாதம். நானும் என் மனைவியும் சிம்லா, நார்க்கண்டா வழியாக சட்லெஜ் நதிக்கு இறங்கி, ஆனி ஊரைத் தாண்டி ஜலோரி கணவாய் ஏறினோம். உயரம் சுமார் 3,120 மீட்டர். மறுபக்கம் ஷோஜா, ஜிபி, பஞ்சார் என்று இறங்கும் சாலை மிகவும் செங்குத்தானது.

என்னிடம் இருந்தது 350 சி.சி. வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், பின்சக்கரத்துக்கு இருபுறமும் ஷாக் அப்சார்பர். வண்டி 185 கிலோ, நாங்கள் இருவரும் 135 கிலோ, மூட்டை முடிச்சு 25 கிலோ. ஆக 345 கிலோ.

பாரத்தில் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். என் விளக்கு அவர்கள் கண்ணில் அடிக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் பின்னால் 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து, மெதுவாக இறங்கலாம் என்று கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் விடாமல் அழுத்தியபடியே வந்தேன்.

நான்கு கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டோம். முன்பிரேக் லீவர் பஞ்சு போலாகிக் கைப்பிடியைத் தொட்டது. வேகம் குறையவில்லை. பின்பிரேக்கை எவ்வளவு மிதித்தும் பிடிக்கவில்லை. "என்னங்க, நிறுத்துங்க!" என்று மனைவி கத்துகிறாள். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. கிளட்சை விட்டு, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மலை ஓரமாகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றினேன். வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஷோஜா வரைக்கும் நடந்தே வந்தாள். "இனிமேல் இந்த வண்டியில் ஏற மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

வியப்பு என்னவென்றால், அரைமணி கழித்து லீவரை அழுத்திப் பார்த்தபோது ஒன்றுமே நடக்காததுபோல் கெட்டியாக இருந்தது! டில்லி திரும்பியதும் கரோல் பாக்கில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" வண்டி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் மாற்றியதே இல்லை.

வேகம் எங்கே போகிறது?

பிரேக் வேகத்தை விழுங்கிவிடுவதில்லை. அதைச் சூடாக மாற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 345 கிலோ பாரம் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை 56 நிமிடம் ஓட்டுவதற்குச் சமம். வேறு விதமாகச் சொன்னால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியை 70 முறை முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். கிளட்சைப் பிடித்தால் இந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான் விழும். கியரில் இறங்கினால் ஒரு பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

இனி பிரேக் ஆயில். இது தண்ணீரை உறிஞ்சும் திரவம். ரப்பர்க் குழாய் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்லச் சேரும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் இந்த அளவு 140. டாட் 4 வகைக்கு 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நம் விரலின் பலமெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். ஆறினால் குமிழ் மறைந்து லீவர் மறுபடி கெட்டியாகும். ஷோஜாவில் நான் கண்ட 'அதிசயம்' இதுதான். பின்னால் டிரம்முக்கு ஆயில் கிடையாது. அது சூடேறி, ஷூவின் உராய்வு குறைந்துபோனது.

ஷாக் அப்சார்பருக்கு இதில் என்ன வேலை?

வண்டியை நிறுத்துவது டிஸ்க் என்று நாம் நினைக்கிறோம். டிஸ்க் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது, டயர் தரையைப் பற்றும் உள்ளங்கை அகல இடம். அந்த இடம் தரையை விட்டு எழும்பாமல் வைத்திருப்பது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்.

பலமாக முன்பிரேக் பிடித்தால், எங்களைப் போன்ற பாரத்தில், பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்குச் சுமார் 95 கிலோ பாரம் இடம் மாறும். அதனால்தான் முன்பிரேக் பெரும்பங்கு வேலை செய்கிறது, முன்பக்கம் குனிகிறது. ஃபோர்க் அடிமட்டம் வரை அமுங்கிவிட்டால், அடுத்த கல்லை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. டயர் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு ஏது?

என் தவறின் சங்கிலியைப் பாருங்கள். பின் ஸ்பிரிங் தாழ்ந்திருந்தது. அதனால் இடி. இடிக்குப் பயந்து விடாத பிரேக். அதனால் சூடு. சூட்டில் பழைய ஆயில் கொதித்தது. ஷாக்கும் பிரேக்கும் தனித்தனி என்று நினைத்ததற்கு அவள் மணிக்கட்டு பதில் சொன்னது.

டேப்பால் அளப்பது

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தொங்கும். அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் உள்ள ஒரு போல்ட் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, பயணத்தன்று எப்படியோ அப்படியே இருவரும் உட்கார்ந்து, மூட்டையையும் ஏற்றி, மூன்றாவது ஆளை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அமுக்கம். இது ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருப்பது நல்லது.

என் வண்டியை அளக்க மகன் டேப்பைப் பிடித்தான். "நிற்கிற வண்டியில் மட்டும்தான் ஏறுவேன்" என்ற நிபந்தனையோடு, கட்டுப் போட்ட கையுடன் மனைவி ஏறி உட்கார்ந்தாள். முதலில் 325 மில்லிமீட்டர், பிறகு 277. அமுக்கம் 48. மொத்த ஓட்டமே 80 மில்லிமீட்டர்தான்! பாதிக்கு மேல் நாங்கள் உட்கார்ந்த உடனேயே தீர்ந்துவிட்டது. ஷாக்கின் அடியில் உள்ள வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் முதல் படியிலிருந்து ஐந்தாம் படிக்குத் திருப்பியதும் அமுக்கம் 29 ஆயிற்று. செலவு ஒரு பைசா இல்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த வளையத்தை யாரும் தொட்டதில்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள். வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. வண்டி உயரும், அவ்வளவே. கடைசிப் படியிலும் அமுக்கம் அதிகமாக இருந்தால்தான் கடினமான ஸ்பிரிங் வாங்க வேண்டும். தனியாக ஓட்டும்போது வளையத்தைப் பழைய படிக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் ஃபோர்க் அமுங்கியிருக்கிறது. சாதாரண பிரேக்கிலேயே எல்லை வரை போயிருந்தால் கவனிக்க வேண்டும்.

ஃபோர்க் ஆயில்

ஸ்பிரிங் அதிர்ச்சியைச் சேமித்துத் திருப்பித் தரும். அதைத் தணிப்பது ஆயில். வண்டியின் முன்புறத்தைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரே முறை எழுந்து அமைதியாக நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. எனக்கு வடித்தபோது வந்தது கறுப்புத் தண்ணீர். கையேட்டில் சொன்ன கனமும் அளவும் உள்ள ஆயிலை இரண்டு காலிலும் சமமாக ஊற்றச் சொல்லுங்கள். 'கொஞ்சம் கூட ஊற்றினால் கெட்டியாகும்' என்பார்கள். மேலே உள்ள காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறி, ஆயில் சீல் கசியத் தொடங்கும்.

பிரேக் வேலைகள்

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மூடியில் எழுதியிருக்கும் வகையையே, சீல் பிரிக்காத புட்டியிலிருந்து மாற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. டாட் 3, டாட் 4 ஆயிலோடு கலக்கக் கூடாது. பிரேக் பேடின் கனத்தையும், டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தையும் பாருங்கள். பின் டிரம்மில், மிதியை அழுத்தும்போது கம்பிக்கும் சிறு கைக்கும் இடையே ஏறக்குறைய செங்கோணம் இருக்க வேண்டும். அப்போதுதான் காலின் பலம் முழுவதும் ஷூவுக்குப் போகும். டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், இருவர் செல்வதற்குக் குறித்த அளவுக்கு நிரப்புங்கள். கனமான சாமானைத் தாழ்வாகவும் முன்தள்ளியும் கட்டுங்கள். பின்விளக்குக்கு மேல் கட்டினால் முன்சக்கரம் லேசாகிவிடும்.

இவ்வளவும் செய்தபின் பணம் மிச்சமிருந்தால், எஃகு வலை பின்னிய பிரேக் குழாய் வாங்கலாம். ரப்பர்க் குழாய் அழுத்தத்தில் சற்று உப்பும். இது அவ்வளவாக உப்பாது.

ஓட்டும் முறை

எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினை நிறுத்தியோ நியூட்ரலிலோ இறங்காதீர்கள். வளைவுக்கு முன் பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் மெல்ல அழுத்தி, முன்புறம் குனிந்து டயர் பதிந்தபின் பலமாக அழுத்துங்கள். லீவர் சற்றுத் தளர்ந்தாலும் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது கோணிவிடக்கூடும்.

"எங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறதே" என்றார் ஒரு தம்பி. நல்லது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், அந்த வகையில் விற்கும் எல்லா வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலும் அது கட்டாயமாயிற்று. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதை அது தடுக்கும். கொதிக்கும் ஆயிலை அது குளிர்விக்காது. தாழ்ந்த ஸ்பிரிங்கை நிமிர்த்தாது.

மறுபடியும் ஜலோரி

மனைவி வண்டியில் ஏற ஒன்றரை ஆண்டு ஆயிற்று. முதலில் இந்தியா கேட் வரை, பிறகு மதுரா, பிறகு ஜெய்ப்பூர். 2013 அக்டோபரில் "ஜலோரிக்கே போகலாம்" என்று அவளே சொன்னாள். அதே இறக்கத்தை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இறங்கினோம். அந்த ஜல்லிக் குவியல் இருந்த வளைவில் இருவருமே பேசவில்லை. ஜிபியில் டீக்கடை முன் நிறுத்தியதும், இறங்குவதற்கு முன்பே, "லீவர் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கையை நீட்டி அவளையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

லடாக் போகும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியலை ஓரமாக வையுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார்களோ அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். டேப் என்னிடமே இருக்கிறது.